பரிவுக்குழாயும் வெப்பக்காப்பும்: மாதிரிப் பந்தயப் படகின் பொறிமுறை பற்றிய ஒரு விளக்கம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரிகளிலும் குளங்களிலும் நடாத்தப்பெறும் மாதிரிப் படகுப் பந்தயங்கள், வெறும் பொழுதுபோக்கெனக் கருதப்பட்டு, ஆய்வாளரின் கவனத்தைப் பெறாது ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும், 3.5 கன சென்ரிமீற்றர் முதல் 15 கன சென்ரிமீற்றர் வரையான கொள்ளளவுடைய அச்சிறு எஞ்சின்களின் வெளியேற்றக் குழாயை ஏன் நாரிழை நாடாவாற் சுற்றி வெப்பங் காக்கின்றனர் என்ற எளிய வினாவை எழுப்புவோமாயின், பௌதிக விதி, கைவினை அனுபவம், உற்பத்தி உறவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஊடறுத்து நிற்பதைக் காணலாம். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் குழாயின் தொழிற்பாட்டை நோக்குவோம். இருவீச்சு எஞ்சினில் வெளியேற்றத் துவாரம் திறந்ததும் அமுக்க அலையொன்று குழாய் வழியே விரைகின்றது. குழாயின் விரிகூம்பை அது அடையும்போது ஐதாக்கல் அலையொன்று தெறித்து மீள்கின்றது. அவ்வலை எரிந்த வாயுவை உருளையிலிருந்து இழுப்பதோடு புதுக்கலவையும் உள்ளே வர உதவுகின்றது. அவ்வாறு வரும் புதுக்கலவையில் ஒரு பகுதி வெளியேற்றக் குழாயினுள்ளும் வழிந்துவிடும். முதலலையோ தொடர்ந்து சென்று ஒடுங்குகூம்பிற்பட்டு நெருக்கலலையாகத் திரும்பி, வழிந்த கலவையைத் துவாரம் மூடுமுன் மீண்டும் உருளைக்குள் தள்ளுகின்றது. அசையும் உறுப்பு எதுவுமற்ற குழாயொன்று வால்வினதும் பம்பியினதும் பணியை ஒருங்கே ஆற்றுகின்றது எனலாம்.

இப்பணி காலத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் மூன்று பங்காகும். துவாரம் 180 பாகை திறந்திருக்குமாயின், அலை போய் மீள்வதற்குக் கிடைப்பது அதில் அரைவாசி நேரமே. அலையின் வேகமோ வாயுவின் தனிவெப்பநிலையினது வர்க்கமூலத்துக்கு நேர்விகித சமமானது. வாயு ஏறத்தாழ வளியின் இயல்பினது எனக் கொண்டால், 300 பாகை செல்சியசில் ஒலியின் வேகம் செக்கனுக்குச் சுமார் 480 மீற்றர். 200 பாகையில் அது சுமார் 436 மீற்றர். அஃதாவது, குழாயினுள் சராசரி வெப்பநிலை 100 பாகை வீழுமாயின் வேகம் ஒன்பது சதவீதம் குறைகின்றது. 20,000 சுற்றுகளுக்கென அமைக்கப்பட்ட குழாய் இப்போது ஏறத்தாழ 18,200 சுற்றுகளுக்கே பொருந்துகின்றது. அளவுகோலால் அளந்தால் நீளம் மாறவில்லை. எஞ்சினைப் பொறுத்தவரை குழாய் நீண்டுவிட்டது.

படகிலே இவ்வீழ்ச்சி தவிர்க்கவியலாதது. திருப்பத்தில் எழும் நீர்த்திவலை சூடான உலோகத்திற் பட்டு ஆவியாகின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.26 கிலோயூல் வெப்பம் தேவை. குழாயின் சுவர் மெல்லியதாதலின் உட்புற வாயுவின் வெப்பம் அதனூடே எளிதில் வெளியேறும். அது எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பதில் உலோகத்தின் வகையிலும் பார்க்க, வெளிமேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்றும் நீருமே முதன்மை பெறுகின்றன. எனவேதான் மேற்பரப்பு மூடப்படுகின்றது. ஒரே படகில் உருளைத் தலையை ஏரிநீரால் குளிர்விக்கும் கைவினைஞன் அதற்கு அடுத்துள்ள குழாயை நீரிலிருந்து காக்கின்றான். இது முரண்பாடுபோலத் தோன்றினும், ஒவ்வோர் உறுப்பும் அதனதன் தொழிலுக்குரிய வெப்பநிலையை வேண்டுகின்றது என்பதே உண்மை.

இவ்விடத்திற் பரவலான தவறொன்று சுட்டப்பட வேண்டும். வெப்பம் மிகுந்தால் வலுவும் தானாகவே மிகும் என நம்புவோர் உளர். காப்பிட்ட குழாயில் அலை விரைவதால், பழைய நீளத்தோடு அது முன்னிலும் உயர்ந்த சுழற்சிக்கே பொருந்தும். நீரைத் தள்ளும் சுழலி அவ்வுயர்ந்த சுழற்சியை அடைய விடாதாயின், எஞ்சின் பரிவெல்லைக்குக் கீழேயே தங்கி, காப்பிடுவதற்கு முன்னிருந்ததிலும் மந்தமாக ஓடும். ஆகவே காப்பிட்டபின் குழாயைச் சிறிது சிறிதாக நீட்டியோ, சிறிய சுழலியைப் பொருத்தியோ பரிசோதித்தல் அவசியம். பரிவெல்லையைத் தொட்டதும் எஞ்சினின் ஓசையும் இழுவையும் திடீரென மாறுவதை ஓட்டுவோர் நன்கறிவர். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் இயங்கியல் நியதியை இதனினும் தெளிவாகச் செவியாற் கேட்டல் அரிது. காப்பின் பெரும்பயன், ஆதலின், உயர்வெப்பத்தைத் தருவதன்று; வெப்பநிலையை மாறாது வைத்திருத்தலேயாகும்.

இவ்வறிவு வந்த வழியும் நோக்கற்பாலது. கிழக்கு ஜேர்மனியின் சொப்பாவ் நகரிலிருந்த எம்.இசட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், வால்ரர் காடன் என்னும் பொறியியலாளர் குறைந்த வசதிகளோடு 1950களில் இக்குழாயைச் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இலீற்றருக்கு 200 பரிவலு என்ற விகிதத்தை எட்டியது. அதே ஆண்டு சுவீடன் பந்தயத்தின்போது அந்நிறுவனத்தின் ஓட்டுநர் ஏர்ணஸ்ற் டெக்னர் மேற்குலகுக்குத் தப்பிச் சென்றார். 1962இல் சுசூக்கி நிறுவனத்துக்காக 50 கன சென்ரிமீற்றர்ப் பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார். பட்டறைத் தொழிலாளர் பலரின் கூட்டுழைப்பாற் பிறந்த அறிவு தனி நிறுவனமொன்றின் மூலதனமாயிற்று. ஓட்டுநர் ஒருவர் தப்பிச் செல்ல வேண்டியிருந்த சமூக நிலைமையையும் நாம் மறைத்தல் தகாது. அவ்வரசும் 1990இல் மறைந்தது.

இறுதியாக, காப்புப்பொருள் பற்றிச் சில கூறல் வேண்டும். நார்களுக்கிடையே சிறைப்பட்ட வளியே வெப்பத்தைத் தடுக்கின்றது. நீரின் வெப்பக்கடத்துதிறன் வளியினதைவிட இருபது மடங்குக்கு மேற்பட்டது; எனவே நனைந்த காப்பு காப்பாகாது. கண்ணாடியிழை அல்லது வெண்களியிழை நாடாவைச் சுற்றி, அதன்மேல் நீர்புகாத சிலிக்கோன் உறையிடுவது இதன் பொருட்டே.

முன்னொரு காலத்தில் வெளியேற்றக் குழாய்களைச் சுற்றப் பயன்பட்டது கல்நார் நாடா. மலிவு, தீப்பற்றாமை ஆகிய குணங்கள் விளம்பரப்படுத்தப்பட்டன. அதன் தூசைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் பல ஆண்டுகளின் பின் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் ஆளாயினர். சர்வதேச தொழில் தாபனம் கல்நார் பற்றிய உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது 1986இலேதான். கூரைத் தகட்டின் வழியே கல்நாரை நன்கறிந்த நம் நாட்டவர்க்கு இது அந்நியமான செய்தியன்று. பழைய பெட்டியொன்றிற் கிடைக்கும் வெண்ணிற நாடாவைக் காசு மிச்சமென்று எடுத்து வெட்டுபவர், அதை வெட்டும் கையும் சுவாசிக்கும் நெஞ்சும் தம்முடையவை என்பதை மனங்கொள்ளுதல் நன்று. கண்ணாடியிழையை வெட்டும்போதுங்கூடக் கையுறையும் மூக்குக் கவசமும் அணிதல் வேண்டும்.