பழி விழுந்தது மாம்பழத்தின் மேல்!

2022 ஜூலை முதல் வாரம். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். நெரவியில் எங்கள் வீட்டிலும் கூடை நிறைய மாம்பழம். காலையில் இரண்டு துண்டு தின்ற என் மூன்று வயதுப் பையனுக்கு மத்தியானமே பேதி!

"மாம்பழம் சூடுன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றார் மாமியார். நான் டம்ளரை எடுத்ததும், "தண்ணி குடுக்காதே! குடுக்கக் குடுக்க இன்னும்தான் போகும். நாலு புள்ளைங்களையும் நான் வயித்தைக் காயப்போட்டுத்தான் வளர்த்தேன்" என்று தடுத்தார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாததா, சகோதரிகளே? ஆனாலும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். கெட்ட தண்ணீர் குடித்துச் சில மணி நேரத்திலும் காலரா வரலாம். ஐந்து நாள் கழித்தும் வரலாம். நாமோ கடைசியாகத் தின்றதன் மேல் பழி போடுகிறோம்! பிழைத்து வளர்ந்த பிள்ளைகளைக் கணக்கில் வைக்கிறோம். அதே வைத்தியத்தில் தவறிப்போன பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

பூம்புகாரில் பிறந்த மணிமேகலைக்கு அறவண அடிகள், காரணம்போல் தோன்றிக் காரணமாகாதவற்றை 'ஏதுப் போலி' என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். நம் வீட்டுக்குள்ளேயே எத்தனை போலிகள்!

சாயங்காலம் வாசலுக்குப் போன மாமியார் பரபரப்பாகத் திரும்பினார். "எதிர்வீட்டு அக்கா சர்க்கரைக்காரி, மாம்பழத்தைத் தொடவே மாட்டா. அவளுக்கும் பேதியாம்டி! ரெண்டு வீட்டுக்கும் பொதுவா என்ன இருக்கு? குழாய்த் தண்ணிதானே?"

"தெளிவாத்தானே இருக்கு, அத்தை?" என்றேன். அது என் பங்குப் பிழை. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தமாகிவிடுமா?

அந்த வாரமே காரைக்காலில் காலரா என்று பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. குடிநீரில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது.

பேதியைக் கூட்டுவது நாம் கொடுக்கும் தண்ணீர் அல்ல, நோய்தான். போன நீரையும் உப்பையும் ஈடுகட்டாவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலநாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலையே நம்பினார். சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது!

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். அது கைவசம் இல்லையா? 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான்!

என் பையன் தேறினான். திருவிழாவன்று அவனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தது யார் தெரியுமா? மாமியாரேதான், கொதித்தாறிய தண்ணீரில் கழுவி!