பாறை படிப்போம் – 9: விரல்நுனிக்கு ஒரு கேள்வி

எர்த்கேச் என்றால் பெட்டி இல்லாத புதையல் வேட்டை. ஜி.பி.எஸ். காட்டும் இடத்துக்குப் போகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு பாடமும் சில கேள்விகளும்தான். 2004இல் ஆஸ்திரேலியாவின் வாஸ்ப் ஹெட் கடற்கரையில் முதலாவது அமைந்த கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்ட் என்று அறிவிப்பு. போகும் வழியில் எடின்பரோவின் கல்லறைத் தோட்டம் ஒன்று குறுக்கிட்டுவிட்டது.

கேள்வி அமைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “இந்தப் பாறையின் பெயர் என்ன? வயது என்ன?” என்று கேட்டால், வாசலில் நிற்கும் தகவல் பலகையைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடலாம். இன்னும் கெட்டிக்காரர் வீட்டில் உட்கார்ந்தபடியே கூகுளில் தேடி அனுப்பிவிடுவார். வந்தவர் குனிய வேண்டும், தொட வேண்டும், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். விடை கல்லில் இருக்க வேண்டும், பலகையில் அல்ல. அதே சமயம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற கேள்வியாக இருக்க வேண்டும்.

இதற்குக் கல்லறைக் கல்லை அடித்துக்கொள்ள ஆளில்லை. மலையில் கிடக்கும் பாறை என்றைக்கிலிருந்து மழையில் நனைகிறது என்று யார் சொல்வது? கல்லறைக் கல்லில் ஆண்டே வெட்டியிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டவர் நிலவியலாளர் ஆர்ச்சிபால்ட் கீக்கி. எடின்பரோக் கல்லறைகளில் நடந்து நடந்து பார்த்து, கல் எப்படிச் சிதைகிறது என்று 1880இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்தக் காலச் சலவைக்கல் பலவற்றில் எழுத்து காரீயத்தால் ஆனது. கொத்தர் முதலில் எழுத்தைக் குடைவார். பள்ளத்துக்குள் சின்னத் துளைகள் போடுவார். காரீயத்தை வைத்துத் தட்டி இறக்குவார். துளைக்குள் இறங்கிய ஈயம் பிடித்துக்கொள்ளும். பிறகு கல்லின் மட்டத்துக்கே சீவிவிடுவார். தடவினால் எழுத்து இருப்பதே தெரியாது. ஆண்டுகள் போகப்போக மழை சலவைக்கல்லைக் கரைக்கிறது, ஈயம் அசையாமல் நிற்கிறது. எழுத்து மெல்ல மெல்லத் துருத்திக்கொண்டு வெளியே வருகிறது. எவ்வளவு துருத்தியிருக்கிறதோ, அவ்வளவு கல் கரைந்து போயிருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் துருத்தல், 150 ஆண்டு என்றால், நூற்றாண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். கணக்கு அவ்வளவுதான்.

இதில் இன்னும் சுவையான இடம் குடும்பக் கல். அப்பா பெயர் 1840, அம்மா பெயர் 1862, மகன் பெயர் 1891 என்று ஒரே கல்லில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மகனின் பெயரைப் பதிக்கும்போது கல் ஏற்கெனவே ஐம்பது ஆண்டு கரைந்திருக்கிறது. கொத்தர் அன்றைய மட்டத்துக்குத்தான் சீவுவார். ஆகவே அப்பாவின் எழுத்து அதிகம் துருத்தும், மகனின் எழுத்து குறைவாகத் துருத்தும். கேள்வி இப்படி இருக்கலாம்: “முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். எது மேடு? ஏன்?” கருவி வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம். கூகுளுக்கும் விடை தெரியாது.

எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் தோட்டத்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஜோசப் பிளாக் அங்கேதான் அடக்கமானார். சுண்ணாம்புக் கல்லிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவை ஆராய்ந்து சொன்ன வேதியியலாளர், 1799இல் இறந்தார். அவருக்கு வைத்த வெள்ளைச் சலவைக்கல் பலகையைக் கீக்கி பார்த்தபோது, ஒரு நூற்றாண்டுகூட ஆகாத எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்கு மங்கத் தொடங்கியிருந்தன. மழைநீரில் கரைந்து அதை லேசான அமிலமாக்குவது அதே கரியமில வாயு. நகரத்து நிலக்கரிப் புகையும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. எந்த வாயுவைக் கண்டு சொன்னாரோ, அதுவே அவர் பெயரைத் தின்றது!

பிளாக்கின் நண்பர் ஜேம்ஸ் ஹட்டனும் அங்கேதான் புதைக்கப்பட்டார். நவீன நிலவியலின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். 1797இல் இறந்தவரின் இடத்துக்குப் பெயர்ப்பலகை வர 1947 ஆயிற்று. கூட்டமெல்லாம் வாசலுக்கு வெளியே உள்ள பாபி என்ற நாயின் வெண்கலச் சிலையிடம்தான். அதிர்ஷ்டம் வரும் என்று தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் பளபளக்கிறது. ஆயிரக்கணக்கான விரல்கள் சேர்ந்தால் அதுவும் ஒரு தேய்மானம்தானே? நல்ல எர்த்கேச்காரர் அதையும் துணைக் கேள்வியாக்கிவிடுவார்.

கல்லறையில் வேட்டை வைப்பவர் முதலில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சுரண்டாதே, வினிகர் சொட்டாதே, ஆட்டம் கண்ட ஈய எழுத்தைத் தொடவே தொடாதே என்றும் எழுதிவிட வேண்டும். எல்லாக் கல்லும் இதற்குச் சரிப்படாது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறை. அந்தக் கல்லை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்கே சார்னக்கைட் என்று பெயரிட்டார். அது மழைக்கு இப்படிக் கரைந்து கொடுக்காது.

சிக்கார் பாயிண்ட் அடுத்த வாரத்துக்குப் போகிறது. 1788இல் ஹட்டன் படகில் போய்ப் பார்த்த அதே பாறை. செங்குத்தாக நிற்கும் சாம்பல் அடுக்கின் மேல் சிவப்பு மணற்கல் சாய்ந்து படுத்திருக்கும். அங்கே வருகிறவரிடம் என்ன கேட்கலாம் என்று வாசகர்கள் அதற்குள் ஒரு கேள்வி யோசித்து வைக்கலாம். பாறையின் பெயரைக் கேட்கும் கேள்வி மட்டும் செல்லாது.

(தொடரும்)