உறை பிரிக்காத கேபிள்

பிரிட்டனில் கம்பெனி கார்களின் எரிபொருள் கணக்கைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மைல்ஸ் கன்சல்டன்சி என்ற நிறுவனம், 2018-இல் ஒரு செய்தியைச் சொன்னது. சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று அலுவலகங்கள் வாங்கிக் கொடுத்த பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில், சார்ஜிங் கேபிள் டிக்கிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கிறதாம். காரோ நாள் தவறாமல் பெட்ரோல் பங்குக்குப் போய்வருகிறது. லிட்டருக்கு 46 கி.மீ. என்று விளம்பரத்தில் சொல்லப்பட்ட கார்கள் சாலையில் 14 கி.மீ. அளவுக்குத்தான் கொடுத்தன.

நம்மூர்ச் சாலைகளில் ஓடும் இன்னோவா ஹைக்ராஸ் போன்ற ஹைப்ரிட்டுக்குப் பிளக் கிடையாது. பெட்ரோல் எஞ்சினும் பிரேக் பிடிக்கும்போது மிச்சமாகும் ஆற்றலுமே அதன் பேட்டரியை நிரப்பிவிடும். பிளக்-இன் வகை வேறு. அதில் பேட்டரி பெரிது; வீட்டு மின்சாரத்தில் ஏற்றிக்கொண்டால் முதல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் பெட்ரோலைத் தொடாமலே ஓடும். ஏற்றாவிட்டால்? பெரிய பேட்டரியையும் மோட்டாரையும் சும்மா சுமந்து திரியும் பெட்ரோல் கார்தான் அது.

விளம்பர மைலேஜ் பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. அது ஒரு கணக்கின் விடை. மிட்சுபிஷி அவுட்லேண்டரை எடுத்துக்கொள்வோம். 2014-இல் பிரிட்டனுக்கு வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்ட பிளக்-இன் வண்டி. மின்சாரத்தில் மட்டும் 52 கி.மீ. ஓடும் என்பது ஆய்வகச் சோதனை முடிவு. பேட்டரி தீர்ந்தபின் 100 கி.மீ.க்குச் சுமார் 5.8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அன்றைய ஐரோப்பிய விதி, ஓட்டுநர் இரண்டு சார்ஜுகளுக்கு நடுவே பெட்ரோலில் 25 கி.மீ. மட்டுமே ஓட்டுவார் என்று வைத்துக்கொண்டது. 52-உடன் 25-ஐக் கூட்டினால் 77. இந்த 77 கி.மீ.யில் பெட்ரோல் செலவாவது கடைசி 25-க்கு மட்டும். வகுத்துப் பார்த்தால் 100 கி.மீ.க்கு 1.9 லிட்டர். லிட்டருக்கு 52 கி.மீ.க்கு மேல்! கரியமில வாயு கிலோமீட்டருக்கு 44 கிராம்.

கணக்கில் பிழையே இல்லை. ஆனால் கணக்குக்குள் உட்கார்ந்திருந்தவர் ஒரு கற்பனை மனிதர். ராத்திரி வீடு திரும்பியதும் மறக்காமல் பிளக்கைச் சொருகுபவர், 77 கி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் போகாதவர். நாளொன்றுக்கு மூன்று ஊர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த விற்பனைப் பிரதிநிதி ஏன் இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு விடை வரி விதியில் இருக்கிறது. பிரிட்டனில் கம்பெனி கொடுக்கும் காரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்தினால் அது சம்பளத்தோடு சேர்ந்த வருமானம். 2002 ஏப்ரல் முதல், கார் விலையில் எத்தனை சதவீதத்தை வருமானமாகக் கொள்வது என்பதை அதன் கரியமில வாயு அளவே முடிவுசெய்கிறது. அவுட்லேண்டர் வந்த ஆண்டில் 44 கிராம் காருக்கு 5 சதவீதம். விலை 30,000 பவுண்டு என்றால் 1,500 பவுண்டு வருமானம். 40 சதவீத வரித் தட்டில் இருப்பவர் கட்ட வேண்டியது வருடத்துக்கு 600 பவுண்டு. அதே விலையில் 25 சதவீதப் பிரிவில் வரும் டீசல் கார் என்றால் 3,000 பவுண்டு. யார்தான் அவுட்லேண்டரை விடுவார்கள்?

அதோடு கம்பெனி கொடுக்கும் பெட்ரோல் கார்டு. பங்கில் கார்டைத் தேய்த்தால் கம்பெனி கணக்கு. வீட்டில் சார்ஜ் ஏற்றினாலோ மின் கட்டணம் பெரும்பாலும் சொந்தக் கணக்கு. அதைத் திரும்பக் கேட்க வழியிருந்தாலும் படிவம், ரசீது என்று அலைய வேண்டும். கேபிள் உறையைப் பிரிக்காதவரைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கைக்காசைப் போட்டு முதலாளிக்குப் பெட்ரோல் மிச்சம்பிடித்துக் கொடுக்கச் சொன்னால் யார் செய்வார்கள்?

ஐரோப்பாவில் எங்கும் இதே கதைதான். போக்குவரத்து மாசு பற்றி ஆராயும் ஐசிசிடி என்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்தமாக வாங்கிய பிளக்-இன் கார்கள் தங்கள் ஓட்டத்தில் 45 முதல் 49 சதவீதத்தை மின்சாரத்தில் ஓடியிருந்தன. கம்பெனி கார்களில் அது 11 முதல் 15 சதவீதம். பெட்ரோல் செலவும் அதற்கேற்ப: சொந்தக் கார் லிட்டருக்குச் சுமார் 24 கி.மீ., கம்பெனி கார் 12, 13. அதே தொழில்நுட்பம், அதே சாலைகள். வித்தியாசம் பில்லைக் கட்டுபவர் யார் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்களில் சுமார் 60 சதவீதம் நிறுவனங்களின் பெயரில் இருப்பதால், இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2002-க்கு முன்பிருந்த பிரிட்டிஷ் விதி இதைவிட வேடிக்கை. வருடத்தில் 18,000 மைலுக்கு மேல் அலுவலக வேலையாக ஓட்டினால் வரிச் சலுகை உண்டு. நிதியாண்டு முடிகிற நேரத்தில் மைல் குறைந்தால் என்ன செய்வார்கள்? தேவையில்லாத பயணம் ஒன்றைக் கிளப்பினார்கள். காரை வைத்திருப்பவர் விதியைத் துல்லியமாகப் படிக்கிறார். விதி எழுதியவர்தான் அவரைப் படிப்பதில்லை.

இப்போது ஐரோப்பா அந்தக் கற்பனை மனிதரை மெல்லமெல்லத் திருத்தி எழுதுகிறது. 2021 முதல் புதிய கார்கள் தாங்கள் குடிக்கும் எரிபொருளைத் தாங்களே பதிவுசெய்ய வேண்டும். சுமார் 6 லட்சம் வாகனங்களின் அந்தப் பதிவுகளைப் பார்த்து, பிளக்-இன் கார்கள் சாலையில் வெளிவிடும் கரியமில வாயு ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று 2024-இல் ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. பழைய விதியை மாற்றி 2017-இல் வந்த சோதனை முறையிலும், 60 கி.மீ. மின் ஓட்டம் உள்ள கார் தன் பயணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்தில் ஓடுவதாகக் கருதப்பட்டது. 2025 முதல் புதிய மாடல்களுக்கு இது பயணத்தில் ஏறக்குறைய பாதி என்று குறைக்கப்பட்டது. அடுத்த கட்டமாக மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். பெல்ஜியம் பணப்பைக்கே போய்விட்டது. 2023 முதல் வாங்கிய பிளக்-இன் கம்பெனி கார்களின் பெட்ரோல், டீசல் செலவில் அதிகபட்சம் பாதியைத்தான் நிறுவனம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். பெட்ரோல் கார்டை ஏன் இவ்வளவு தேய்க்கிறீர்கள் என்று கணக்குப்பிள்ளையே கேட்கும்படி செய்த அந்த ஒரு வரி, பத்து விழிப்புணர்வு முகாமுக்குச் சமம் என்பேன்.

    

பிரிட்டன் பிளக்-இன் ஹைப்ரிட் கார்களுக்கான மானியத்தை 2018-இல் நிறுத்தியது. 2020-21-இல் முழு மின்சாரக் கம்பெனி காருக்கு வருமான சதவீதத்தைப் பூஜ்யமாக்கியது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறுகச்சிறுக ஏற்றுகிறது. இன்று அங்கே பதிவாகும் புதிய மின்கார்களில் பெரும்பகுதி நிறுவனங்கள் வழியாகத்தான் வருகிறது. பெட்ரோல் தொட்டியே இல்லாததால் பழைய தந்திரம் பலிக்காது. ஆனால் பில் யாருடையது என்ற கேள்வி போகவில்லை. மின்காரில் அலுவலக வேலையாக ஓடும் மைலுக்கு நிறுவனம் திருப்பித் தரலாம் என்று வரித் துறை 2018-இல் நிர்ணயித்த தொகை வெறும் 4 பென்ஸ். வீட்டில் ஏற்றுபவருக்கும் பொது நிலையத்தில் ஏற்றுபவருக்கும் ஒரே தொகை என்பது பல ஆண்டு நீடித்தது. 2025 செப்டம்பரில்தான் அதைப் பிரித்து, வீட்டுச் சார்ஜுக்கு 8, பொது நிலையத்துக்கு 14 பென்ஸ் என்றார்கள். வாசலில் கார் நிறுத்த இடமில்லாத அடுக்குமாடிக்காரருக்குப் பொது நிலையத்தை விட்டால் வழியில்லை. வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி, அவர் போய் நிற்கும் நிலையத்தில் 20 சதவீதம்.