பாலத்துக் காவலும் வீட்டுக் காவலும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோர வீதி, நாயாற்றிலே கடல்நீரேரியைப் பாலத்தின் மேலாகக் கடக்கின்றது. அப்பாலத்தில் ஒரு காவலரை நிறுத்தினால், வீதிவழி வருவோர் அனைவரையும் அவர் விசாரிக்கலாம். ஆனால் தோணியேறி நீரேரியைக் கடப்போர் அவர் கண்ணிற் படார். ஜாவா மொழியில் வலைச் செயலிகளை ஆக்குவோர் முன்னே நிற்கும் வினாவும் இத்தகையதே: காவலை எங்கே வைப்பது?

பாடசாலை மாணவரின் பரீட்சைப் புள்ளிகளைக் காக்கும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புள்ளியைப் பதிதல், திருத்தல், அறிக்கை தயாரித்தல் எனப் பல பணிகள் அதில் உண்டு. கேட்பவர் உரிமையுடையவரா என்று பார்ப்பதும், யார் எதை மாற்றினார் என்று குறித்துவைப்பதும் அவற்றுக்குப் பொதுவான கடமைகள். இவற்றை ஒவ்வொரு பணியினுள்ளும் திரும்பத் திரும்ப எழுதினால், என்றோ ஓரிடத்தில் மறதி நேர்ந்தே தீரும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள.

முதலாவது, இன்டர்செப்டர் எனப்படும் இடைமறிப்பான். ஸ்பிரிங் என்னும் சட்டகத்தில் இது வலைக் கோரிக்கையை, பணி தொடங்குமுன்னும், பணி முடிந்தபின்னும், விடைப்பக்கம் ஆயத்தமானபின்னும் சந்திக்கின்றது. உரிமையற்ற கோரிக்கையை வாயிலிலேயே நிறுத்திவிடும். இக்கருத்து இலங்கைக்கும் புதிதன்று. 2004ஆம் ஆண்டு கொழும்பில் கூடிய நிரலாளர் வடிவமைப்பிற் பங்குகொண்ட அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் ஜாவா மென்பொருளும், வரும் செய்தியைக் கையாளிகளின் வரிசையூடாகவே செலுத்துகின்றது.

இரண்டாவது, அஸ்பெக்ட் நோக்கு நிரலாக்கம். கிரெகர் கிக்சாலஸும் அவருடைய சகாக்களும் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆய்வகத்திலிருந்து 1997இல் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். இங்கே காவல் வாயிலில் இல்லை. குறித்த செயல் நிகழும் இடத்திலேயே நிற்கின்றது. புள்ளியை மாற்றும் செயலை யார் அழைத்தாலும், அதற்குக் கொடுக்கப்பட்ட மதிப்புகளையும், விளைவையும், நேர்ந்த தவறையும் அது அறியும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. நள்ளிரவில் தானே இயங்கும் ஒரு பணி புள்ளிகளைத் திருத்துமாயின், அது வலைக் கோரிக்கையாக வருவதில்லை. இடைமறிப்பான் அதனைக் காணாது. பின்னர் ஒரு மாணவனின் புள்ளி ஏன் மாறியது என்று பெற்றோர் கேட்டால், விடைகூற ஒரு குறிப்பும் இராது. எனினும் இரண்டாம் வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்பிரிங் வழக்கமாக ஒரு பதிலாளைக்கொண்டே இக்காவலைச் செய்கின்றது. ஒரு பொருள் தன் செயலைத் தானே உள்ளுக்குள் அழைத்தால், அவ்வழைப்பு பதிலாளைத் தாண்டிச் செல்வதில்லை, காவலும் நிகழாது. அஸ்பெக்ட்ஜே போன்ற கருவி காவலை நிரலினுள்ளேயே நெய்துவிடுவதால் இக்குறை நீங்கும். ஆனால் அமைப்பு மேலும் சிக்கலாகும்.

ஆகவே, புகுபதிகை, பயனரின் மொழி, கோரிக்கையின் முகவரி போன்று வலையோடு பிறந்து வலையோடு முடிபவற்றை இடைமறிப்பானிடம் ஒப்படைத்தல் எளிது, தெளிவு. எவ்வழியால் வந்தாலும் தவறாது நிகழவேண்டியவற்றை அஸ்பெக்டிடம் ஒப்படைத்தலே தகும். காக்கப்படும் பொருள் எதுவென முதலில் வினவினால், காவல் நிற்கவேண்டிய இடமும் தானே விளங்கும்.