மறக்கும் நினைவகம்: குறைக்கடத்தி நினைவகத்தின் இயங்குமுறையும் தமிழ் மின்பனுவலில் எழுத்துத் திரிபும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் முதன்மை நினைவகம், தான் ஏற்ற தரவை மின்சாரம் உள்ளபோதே இடைவிடாது இழந்துகொண்டிருக்கிறது. அவ்விழப்பு எவ்வாறு ஈடுசெய்யப்படுகிறது என்பதையும், ஈடுசெய்யப்படாதவிடத்துத் தமிழ் எழுத்தொன்று எவ்வாறு திரியும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறைக்கடத்தி, மின்தேக்கி, புதுப்பித்தல், ஒருங்குறி, பாடவேறுபாடு.

முன்னுரை

ரேம் என்பது மின்சாரம் நின்றால் அழியும் நினைவகம் என்று கணினி அறிமுக நூல்கள் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. அவ்வரையறை பிழையன்று, எனினும் அது முழு உண்மையும் அன்று. மின்சாரம் தடையின்றிப் பாயும்போதும் இந்நினைவகம் மறந்துகொண்டேதான் இருக்கிறது. தொகுப்புப் பணியிலும் பதிப்புப் பணியிலும் கணினியை நம்பியிருக்கும் நாம் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு பிட், ஒரு மின்தேக்கி

குறைக்கடத்தி நினைவகத்திற்கு முன்பு, ஃபெரைட் வளையங்களைக் கம்பியிற் கோத்த காந்த வளைய நினைவகம் வழக்கில் இருந்தது. மின்சாரம் நின்றாலும் அது தரவை இழப்பதில்லை. 1966இல் ஐபிஎம் ஆய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட்டைச் சேமிக்கும் அமைப்பைக் கண்டறிந்தார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1024 பிட்டுகளைக் கொண்டிருந்தது. அதில் பிட் ஒன்றுக்கு மூன்று டிரான்சிஸ்டர்கள் இருந்தன. டென்னார்டின் சிக்கனமான அமைப்பே பின்னர் நிலைபெற்றது.

மின்தேக்கியில் மின்னூட்டம் இருப்பின் 1, இன்றேல் 0 எனக் கொள்வோம். அம்மின்னூட்டம் மிகச் சிறிது. 20 ஃபெம்டோஃபாரடு தேக்குதிறனில் 1 வோல்ட் மின்னழுத்தம் எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,25,000 எலக்ட்ரான்களே தேறும். டிரான்சிஸ்டர் மூடியிருந்தாலும் அவை மெல்லக் கசிகின்றன.

படித்தலும் ஓர் அழித்தலே. நினைவகக் கலங்கள் நிரைகளாகவும் நிரல்களாகவும் அமைந்துள்ளன. ஒரு நிரையைப் படிக்குமுன் நிரற்கம்பிகள் பாதி மின்னழுத்தத்தில் நிறுத்தப்படுகின்றன. நிரைக்கம்பியில் மின்னழுத்தம் ஏறியதும் அந்நிரையின் டிரான்சிஸ்டர்கள் அனைத்தும் திறக்கின்றன. ஒவ்வொரு மின்தேக்கியும் தன் மின்னூட்டத்தைத் தன்னினும் பலமடங்கு தேக்குதிறன் கொண்ட நிரற்கம்பியோடு பகிர்ந்துகொள்கிறது. கம்பியின் மின்னழுத்தம் இம்மியளவே உயரும் அல்லது தாழும். அச்சிறு வேறுபாட்டை உணர்பெருக்கி முழு 1 ஆகவோ முழு 0 ஆகவோ வளர்த்து, அதே மின்தேக்கியில் மீண்டும் எழுதுகிறது.

புதுப்பித்தல் என்பது இச்செயலைக் கால முறைப்படி செய்வதேயன்றி வேறில்லை. இயல்பான வெப்பநிலையில் ஒவ்வொரு நிரையும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது பொது நெறி. இதற்காக 8192 கட்டளைகள், 7.8 மைக்ரோநொடிக்கு ஒன்றாகப் பிறப்பிக்கப்படுகின்றன. சில்லின் வெப்பம் 85 பாகையைக் கடந்தால் இக்கால எல்லை பாதியாகக் குறைக்கப்படுகிறது. சிதையும் ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்த நம் மரபை இது நினைவூட்டலாம். ஆயின் ஏட்டில் மூலமும் படியும் சிலகாலம் உடன் இருந்தன; இங்கே அவ்வாறில்லை.

மின்சாரம் நின்ற கணமே தரவு மறைவதும் இல்லை. அறை வெப்பநிலையில் சில நொடிகளும், குளிரூட்டினால் பல நிமிடங்களும் அது எஞ்சுகிறது என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் குழு 2008இல் நிறுவியது.

எழுத்து திரியும் வழி

புதுப்பித்தல் கசிவைத்தான் ஈடுசெய்யும். ஏற்கெனவே திரிந்த பிட்டை, திரிந்தவாறே புதுப்பித்துக்கொண்டிருக்கும். சில்லின் மேலுறைப் பொருளில் நுண்ணளவில் கலந்திருந்த கதிரியக்கத் தனிமங்களின் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைத் திரிப்பதை 1978இல் இன்டெல் ஆய்வாளர்கள் மேயும் வுட்சும் எடுத்துக்காட்டினர். 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினரும் உடனாய்வாளரும், ஒரே நிரையை மீண்டும் மீண்டும் திறந்து மூடினால் அண்டை நிரையின் பிட்டுகள் திரிவதைக் கண்டனர். சோதித்த 129 நினைவகத் தொகுதிகளுள் 110இல் இப்பிழை தோன்றியது.

தமிழுக்கு இதன் பொருள் யாது? ஒருங்குறியில் ககரத்தின் எண் 2965. அகரத்தின் எண் 2949. யூடிஎஃப்-8 முறையில் ககரம் 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாக, அதாவது 24 பிட்டுகளாக நிற்கும். இறுதிப் பைட்டு 10010101. இதன் நான்காம் இலக்கமாகிய 1 மட்டும் 0 ஆனால் 10000101, அதாவது 133, அது அகரம். ‘கடல்’ ‘அடல்’ ஆகும்; ‘கலை’ ‘அலை’ ஆகும். இரண்டும் பொருளுடைய சொற்களாதலின் சொற்பிழைதிருத்தி இவற்றைக் காட்டாது. ‘காடு’ என்பதிலோ அகரத்தின்பின் துணைக்கால் நிற்கும். மென்பொருள் அதனை எளிதிற் கண்டறியும்.

ஏடெழுதுவோர் பிழைகள் வரிவடிவ ஒப்புமையாலோ ஒலி ஒப்புமையாலோ எழுந்தவை. ககரத்திற்கும் அகரத்திற்கும் அவ்விரண்டும் இல்லை; எண்ணின் அண்மை மட்டுமே உண்டு. ஆகவே மின்பனுவலில் மட்டும் காணப்படும் ‘அடல்’ ஒன்றைப் பாடவேறுபாடாகக் கொள்ளுமுன் அவ்வெண்களையும் நோக்குதல் தகும். இத்தகைய திரிபு அரிதே. ஒளிவழி எழுத்துணரியும் தட்டச்சுக் கையும் செய்யும் பிழைகளோடு ஒப்பிட இது சொற்பம். ஆனால் அப்பிழைகளுக்குத் தடயம் உண்டு. இதற்குப் பெரும்பாலும் இல்லை.

வழங்கிக் கணினிகளில் 64 பிட்டுக்கு 8 சரிபார்ப்புப் பிட்டுகள் சேர்க்கப்படுகின்றன. ஒரு பிட் திரிந்தால் திருத்தவும், இரண்டு திரிந்தால் அறிவிக்கவும் அவை உதவும். மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இல்லை. புதிய டிடிஆர்5 சில்லுகள் தம்முள்ளேயே பிழை திருத்திக்கொண்டாலும், சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியை அது காப்பதில்லை. கோப்புகளுக்குச் சரிபார்ப்புத்தொகை கணித்துவைப்போரும் ஒன்றைக் கருத வேண்டும். நினைவகத்தில் திரிந்த பின்னர்ச் சேமிக்கப்பட்ட கோப்புக்குக் கணிக்கும் தொகை, அத்திரிபையே மெய்ப்பாடமாகச் சான்றளிக்கும். எனவே தட்டச்சு முடித்துச் சேமித்த கோப்பை மீண்டும் திறந்து மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தொகையைக் கணித்தல் வேண்டும்.