22 கொண்டை ஊசிகள், ஒரே ஒரு சக்கரம்

ஆசியாவின் மலைச் சைக்கிள் வீரர்கள் மோதிக்கொண்ட பொன்முடி, மெதுவாக வருபவர்களுக்கென்றே அமைந்த மலை. ஆனால் அவர்களை எப்படி வரவேற்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

கல்லாறு வரை சாலை சாதுவானது. திருவனந்தபுரத்தில் கிளம்பி நெடுமங்காடு, விதுரா என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடிவந்து, உருண்டைக் கற்கள் நிறைந்த ஆற்றங்கரையில் சற்று மூச்சு வாங்குகிறது. அதன் பிறகுதான் சுயரூபம் தெரிகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் உயரம் சுமார் 1,100 மீட்டர். நகரத்திலிருந்து மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காரில் வருபவர்களுக்கு இரண்டு மணி நேர விஷயம். சைக்கிளில் வருபவருக்கு வியர்வையில் நனைந்த ஒரு காலைப்பொழுது. ஒற்றைச் சக்கர சைக்கிளில் வருபவருக்கு?

கேட்டவுடன் சிரிப்பு வரும் கேள்விதான். ஆனால் இதே தூரத்தை நாள்தோறும் ஒற்றைச் சக்கரத்தில் கடந்து காட்டிய இந்தியர் ஒருவர் இருக்கிறார். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த தீபக் லேலே 1984ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று நியூயார்க்கில் பெடல் மிதிக்க ஆரம்பித்து, செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினார். தூரம் 6,378 கிலோமீட்டர். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற பயணம் இது. கணக்குப் போட்டால் 112 நாட்களுக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக 57 கிலோமீட்டர். அதாவது, திருவனந்தபுரத்திலிருந்து கிட்டத்தட்ட பொன்முடி வரை. ஆனால் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த அந்த மனிதரின் பெயர் அவரது சொந்த நாட்டில் பலருக்கும் தெரியாது.

அவர் தனியாளும் அல்ல. மறு ஆண்டே ஹன்ஸ்பீட்டர் பெக் என்ற ஜிண்டபைன்வாசி மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மெல்போர்ன் வரை 6,237 கிலோமீட்டரை 52 நாட்களுக்குள் முடித்தார். எட் பிராட் என்ற ஆங்கிலேய இளைஞர் 2015 மார்ச்சில், 19 வயதில், இங்கிலாந்தின் சாமர்செட்டிலிருந்து புறப்பட்டார். கூடாரம், சமையல் சாமான், மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஒரே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவிட்டு 2018 ஜூலையில் வீடு திரும்பினார். சுமார் 33,000 கிலோமீட்டர். வழியெங்கும் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பை வழங்கும் அறக்கட்டளை ஒன்றுக்கு நிதியும் திரட்டினார்.

கேரளத்துக்கு ஒற்றைச் சக்கரம் புதிதல்ல. தலசேரி அருகே சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து, இந்திய சர்க்கஸின் தாய்வீடு இந்த மாநிலம்தான். ஆனால் கூடாரத்துக்குள் சுற்றுவது வேறு, சாலையில் ஊர் கடப்பது வேறு. சர்க்கஸ் சக்கரம் சிறியது. நெடும்பயணத்துக்கு 36 அங்குல ராட்சசச் சக்கரம் வேண்டும். இதில் செயின் கிடையாது, கியர் கிடையாது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று; வண்டி நகர்வது 2.87 மீட்டர். நிமிடத்துக்கு 85 மிதி மிதித்தால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகம். கியர் வேண்டுமென்பவர்களுக்கு ஸ்விட்சர்லாந்தின் புளோரியன் ஷ்லும்ப் உருவாக்கிய ஹப் உண்டு. குதிகாலால் ஒரு பொத்தானைத் தட்டினால் சக்கரம் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழலும்.

கால் சும்மா இருக்க முடியாது என்பதுதான் இதன் சாபம். சாதாரண சைக்கிளில் இறக்கம் வந்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கலாம். ஒற்றைச் சக்கரத்தில் சக்கரம் உருளும்வரை காலும் சுழன்றாக வேண்டும். ஏற்றத்தில் உடம்பை முன்னே தள்ளி மிதிக்கும் அதே தொடைகள், இறக்கத்தில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் பார்க்க வேண்டும். இருக்கைக்கு முன்னால் ஒரு கை பிரேக் இருந்தாலும், அவசரத்தில் அழுத்தினால் ஆள் முன்னால் பறப்பார். ஆகவே பொன்முடியின் 22 வளைவுகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய சோதனை. முதுகில் பை மாட்டினால் பாரமெல்லாம் இருக்கையில் இறங்கி, பத்தே கிலோமீட்டரில் உட்கார முடியாமல் போகும். அதனால் அனுபவசாலிகள் குறைவாகச் சுமக்கிறார்கள், அடிக்கடி இறங்கி நடக்கிறார்கள். நடப்பதில் அவமானம் இல்லை என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம்.

இரண்டு சக்கரத்துக்காரர்கள் இந்த மலையை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் பொன்முடியில் நடந்தது. இந்தியாவில் இப்போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பாதை வெட்டப்பட்டது. சுமார் 20 நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் மூச்சுத் திணற மேலும் கீழுமாகச் சுற்றும் கிராஸ் கன்ட்ரி, சில நிமிடங்களில் முடிந்துவிடும் டவுன்ஹில், தொடர் ஓட்டம் என்று நான்கு நாள் திருவிழா. கிராஸ் கன்ட்ரியில் முதலிடம் பிடிப்பவரின் நாட்டுக்குப் பாரீஸ் ஒலிம்பிக்கில் இடம் என்பது கூடுதல் கவர்ச்சி. சொந்த மண்ணில் ஓடியும் இந்தியாவுக்கு அது வாய்க்கவில்லை. 2024இல் பாரீஸ் சென்ற இந்திய அணியில் சைக்கிள் வீரர் ஒருவர்கூட இல்லை.

பதக்கக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இந்த மலையை இயந்திரம் இல்லாமலும் அனுபவிக்கலாம் என்பதை அந்த நான்கு நாட்கள் காட்டின. தமிழகத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னும் நல்ல பாதை ஒன்றும் இருக்கிறது. செங்கோட்டையில் கிளம்பி ஆரியங்காவுக் கணவாய் ஏறினால் தென்மலை. அங்கே பரப்பாறு அணையின் நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செந்துருணி சரணாலயத்தின் காடு. குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு வழியாக விதுரா வந்து பொன்முடி. இறங்கி ஆரியநாடு, காட்டாக்கடை என்று போனால் நெய்யாறு அணை. அங்கிருந்து நாகர்கோவில் அதிக தூரமில்லை. வலப்பக்கமோ இடப்பக்கமோ, ஏதாவதொரு கோணத்தில் அகத்தியமலை கூடவே வரும். தாமிரபரணியைத் தமிழருக்குத் தந்த அதே பொதிகைதான். மறுபக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கிறது. பொன்முடிக்கு அருகே ஒரு சிகரத்தின் பெயரே வரையாட்டுமுடி. தமிழகத்தின் மாநில விலங்குக்குக் கேரளம் சூட்டிய மகுடம்!

எல்லாம் சரி, ராத்திரி எங்கே படுப்பது? இங்கேதான் சிக்கல். அமெரிக்கச் சாலைகளில் பயணி கூடாரம் அடிக்கக் கட்டண முகாம்கள் உண்டு. இங்கே சாலையை விட்டு நாலடி உள்ளே போனால் காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவதே கேரள வனச் சட்டப்படி குற்றம். காரணமும் வலுவானது. திருவனந்தபுரத்தின் குழாய்களில் வரும் தண்ணீருக்கு ஆதாரமான பேப்பாறை அணையைச் சுற்றி இருப்பது 53 சதுர கிலோமீட்டர் சரணாலயம். நெய்யாற்றில் இன்னும் 128 சதுர கிலோமீட்டர். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம்; காணி பழங்குடியினரின் வீடு. 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் இடம்பெற்ற 3,500 சதுர கிலோமீட்டர் அகத்தியமலைக் காப்பகத்தின் ஒரு பகுதி. அங்கே அடுப்பு மூட்டவும் பிளாஸ்டிக் வீசவும் எவருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் கதவை மூடுவதும் திறந்துவிடுவதும் மட்டுமே வழியல்ல என்பதற்கு அதே மலையில் உதாரணம் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அனுமதி. நாளுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, முன்பதிவு, வழிகாட்டி, இரவு தங்க அதிருமலை முகாம். பெண்களுக்கு நெடுங்காலம் இருந்த தடையும் 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் விலகியது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரி கே. தன்யா சனல் அந்த ஏற்பாட்டின் கீழ் உச்சியை எட்டிய முதல் பெண்ணானார். காடு இடிந்துவிடவில்லை. செந்துருணியை ஒட்டிய தென்மலையும் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நாட்டின் முதல் சூழல் சுற்றுலா மையம் என்று பெயரெடுத்ததுதான்.

பொன்முடிச் சாலைக்குத்தான் இந்தக் கணக்கு அவசரத் தேவை. விடுமுறை நாட்களில் குறுகிய வளைவுகளில் கார்களும் பைக்குகளும் வரிசை கட்டுகின்றன. மழைக்காலத்தில் மண் சரிகிறது. 2022இல் சாலையே ஓரிடத்தில் இடிந்துபோய்ப் பல வாரங்கள் பயணிகளுக்கு மலை மூடப்பட்டது. சைக்கிளால் சாலை இடிவதில்லை, யானை மிரள்வதும் குறைவு. மாதத்தில் சில காலைப்பொழுதுகளை வண்டிகள் இல்லாமல் ஒதுக்கலாம். கல்லாற்றிலோ விதுராவிலோ, காட்டுக்கு வெளியே, கூடாரம் அடிக்க ஓரிடம் தரலாம். செலவு அதிகமில்லை.

மேலே கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. மூடுபனி இறங்கும் புல்வெளி இருக்கிறது. அங்கே போய்ச் சேர ஒரு சக்கரமோ இரண்டோ போதும். நான்கு சக்கரங்களில் வருபவர்கள் வளைவுகளை எண்ணுவதில்லை. மிதித்து வருபவர்களுக்கு மட்டும்தான் 22 என்பது என்னவென்று தெரியும்.