பென்டிரைவ் சொல்லும் தாளத்தை நம்பலாமா?

ஆடி பிறக்கப்போகிறது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடிக் கொடைகளுக்கும், ஆடி கழிந்து வரும் ஆவணி வரவேற்புகளுக்கும் டிஜே செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நேரம். அதனால் வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு பென்டிரைவைச் சொருகிவிட்டு நிற்பவருக்கு இவ்வளவு வாடகை எதற்கு என்பது ஒன்று. பாட்டு மாறும் இடத்தில் தாளம் இடறுகிறதே, கோளாறு மெஷினிலா, ஆளிடமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

கருவிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கிளப்புகளை ஆண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ரெக்கார்டு பிளேயர் 1972-இல் வந்தது. 1994-இல் பயோனியரின் சிடிஜே-500, 2001-இல் சிடியை ரெக்கார்டு போலவே கையால் பிடித்துத் திருப்ப விட்ட சிடிஜே-1000, 2009-இல் பென்டிரைவை ஏற்ற சிடிஜே-2000. 2020-இல் வெளியான சிடிஜே-3000-இல் சிடி போடும் வாயே கிடையாது. பெயரில் மட்டும் சிடி மிச்சம்.

கவனிக்க வேண்டியது அந்தப் பென்டிரைவின் உள்ளே இருப்பதைத்தான். டிஜே வீட்டுக் கம்ப்யூட்டரில் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற மென்பொருளில் பாட்டுகளை ஏற்றித் தயார் செய்து கொண்டுவருகிறார். அந்தப் பென்டிரைவைத் திறந்தால் பாட்டுகளோடு 'பயோனியர்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். பாட்டின் தாளம் எங்கெங்கே விழுகிறது, நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி ஃபைலாக அதற்குள் கிடக்கும். மேடையில் உள்ள பிளேயர் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறது. 'சிங்க்' பட்டனை அழுத்தினால் ஒரு பிளேயர் தலைமை ஏற்க, கேபிளில் இணைந்த மற்ற பிளேயர்கள் அதன் வேகத்துக்குத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. ஒரு காலத்தில் காதால் கேட்டு, வேகக் குமிழைக் கையால் தள்ளிப் பொருத்திய வேலை இது. நுட்பமான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் கணக்கு எப்படி வருகிறது? கம்பெனி இதை 'அனலைஸ்' என்கிறது. நடப்பது பெரும்பாலும் ஊகம். ஒலி திடீரென்று எழும் இடங்களை மென்பொருள் தேடுகிறது, அவற்றுக்கு இடையிலான இடைவெளிகளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கிறது, பிறகு பாட்டு முழுக்கச் சம இடைவெளியில் கோடு போட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரில் செய்த பாட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பழைய பாட்டில் அடி சற்று முந்தும், சற்றுப் பிந்தும். உண்மையான வேகம் 120.5 ஆக இருந்து, மென்பொருள் 120 என்று எழுதிவிட்டால், ஒரே நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். அதாவது ஒரு பாட்டின் அடி விழும் இடத்தில் மற்றதன் இடைவெளி நிற்கும். ஆட்டத்தின் நடுவில் கால் தடுமாறுவது இதனால்தான்.

நையாண்டி மேளப் பதிவுகளில் நிலைமை இன்னும் மோசம். தவிலும் பம்பையும் கரகம் சூடுபிடிக்க ஏறிக்கொண்டே போகும். சமக்கோடு அங்கே நிற்காது. கூடவே நடைச் சிக்கல் வேறு. 'தகிட தகிட' என்று போகும் பாட்டில் ஆறு எழுத்துக்கு இரண்டு அடி. மென்பொருள் அதையே இரண்டிரண்டாக வெட்டினால் மூன்று அடியாகிவிடும். 120-இல் போகும் பாட்டைத் திரையில் 180 என்றோ, அதில் பாதியான 90 என்றோ காட்டும். அதை நிஜமாகவே 90-இல் போகும் பாட்டோடு சேர்த்தால், இரண்டும் பொருந்திவிட்டன என்று மெஷின் சத்தியம் செய்யும், பந்தலில் இருப்பவர்களுக்கோ காது வலிக்கும்.

எனக்குக் கவலை தருவது இதன் அடுத்த கட்டம். இடறும் பாட்டை ஒரு டிஜே இரண்டு முறை போட்டுப் பார்ப்பார், மூன்றாவது முறை பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். கோடு பொருந்தும் பாட்டு மட்டுமே மிஞ்சும். கொடையில் எந்தத் தாளம் ஒலிக்க வேண்டும் என்பதை ஒரு மென்பொருளின் வசதி முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

சரிசெய்ய வழி உண்டு. ரெக்கார்ட்பாக்ஸில் வேகம் மாறும் பாட்டுக்கென்றே 'டைனமிக்' முறை இருக்கிறது. கோடுகளைக் கையாலும் நகர்த்தலாம். பாட்டுக்குப் பாட்டு உட்கார்ந்து செய்கிற வேலை அது. நீங்கள் தரும் வாடகையில் நியாயமான பங்கு அந்த உழைப்புக்குத்தான்.

மற்ற கேள்விகளுக்கு:

விருந்தினர் கொண்டுவரும் பென்டிரைவ் எடுபடுமா? ஃபேட்32 என்றால் எடுபடும், என்டிஎஃப்எஸ் என்றால் இந்தப் பிளேயர்கள் படிக்காது.

ஃப்ளாக் ஃபைல்? சிடிஜே-3000-இல் பாடும், 2009-இன் சிடிஜே-2000-இல் பாடாது.

'320' என்று எழுதியிருந்தால் தரமானதா? 128-இல் அமுக்கிய பாட்டை 320 ஆக மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், இழந்த ஒலி திரும்பாது.

புளூடூத்? ஒலி தாமதமாக வரும், மிக்ஸிங்குக்கு உதவாது.

கல்யாணத்தில் பாட்டுப் போட உரிமத்தொகை? கல்யாணத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது, லாபத்துக்கு நடத்தும் கிளப்புக்குத் தரவில்லை.

எத்தனை மணி வரை? திறந்தவெளியில் இரவு 10 மணியோடு நிறுத்த வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் டிஜேயிடம் ஒன்று கேளுங்கள்: சிங்க் பட்டனைத் தொடாமல், ஒரு நையாண்டி மேளப் பதிவையும் ஒரு சினிமாப் பாட்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டுபவருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கலாம்.